நாளும் கிழமையும் தர்மத்துக்கே

அய்யா உண்டு.

விடிந்ததும் காலண்டர் தாளைக் கிழித்து நாள் பார்க்காத வீடு இல்லை. அந்தத் தாளில் உள்ள கணக்கு பெரியோர் வானத்தைப் பார்த்துப் போட்டது.

சூரியன் ஒரு ராசியில் புகுவதே மாதப் பிறப்பு. எல்லா ராசியையும் ஒரே வேகத்தில் கடப்பதில்லை என்பதால் ஒரு மாதத்துக்கு 29 நாளும் வரும், 32 நாளும் வரும். திதி சந்திரனைக் கொண்டது. சூரியனை விட்டுச் சந்திரன் 12 பாகை முன்னேறினால் ஒரு திதி. அது சுமார் 20 மணி நேரத்தில் முடிவதும் உண்டு, 26 மணி நேரத்துக்கு மேல் நீள்வதும் உண்டு. ராகுகாலம் பகலை எட்டாகப் பிரித்ததில் ஒரு பங்கு. கிழமைக்கு ஒரு நேரமாக எல்லா நாளும் வரும்.

அய்யாவின் மக்களுக்கும் நாள் கணக்கு உண்டு. கொல்லம் ஆண்டு 1008 மாசி 20, அதாவது 1833ஆம் ஆண்டு, வைகுண்டர் அவதரித்த நாள். ஆண்டுதோறும் மாசி 20 மார்ச் 3 அல்லது 4ஆம் தேதி வரும். சுவாமிதோப்பில் திருவிழாக் கொடி வெள்ளிக்கிழமை ஏறும். பதினோராம் நாள் திங்கட்கிழமை தேர் ஓடும். ஊர் மக்கள் ஒன்றுகூட நாள் வேண்டும். அதற்காகத்தான் கணக்கு.

ஒரு தோப்புக்காரர் இருந்தார். காலண்டர் பார்க்காமல் வாசல்படி தாண்டமாட்டார். தேங்காய் சுமந்த பெண் ஒரு வெள்ளிக்கிழமை மாலை வந்து, "அண்ணாச்சி, பிள்ளைக்குக் காய்ச்சல். கூலியைத் தந்தால் மருந்து வாங்கிருவேன்" என்றாள்.

"விளக்கு வைத்த நேரம். வெள்ளிக்கிழமை கையிலிருந்து காசு போனால் லட்சுமி போயிருவாள். நாளைக்கு வாம்மா" என்றார். மறுநாள், "இன்னைக்கு அஷ்டமி" என்று அனுப்பிவிட்டார்.

ஞாயிற்றுக்கிழமை மாலை அன்னதர்மத்துக்குப் பணம் கொடுக்க நிழல் தாங்கலுக்கு வந்தார். பணிவிடை செய்யும் பெரியவர் அதை வாங்கவில்லை. "மத்தியானம் அந்தப் பிள்ளையைத் தூக்கிக்கொண்டு திருநாமம் சாத்த வந்தாள். உடம்பு நெருப்பாய்க் கொதிக்கிறது. அவள் கூலி உங்கள் பையில் இருக்கும்போது இது எப்படித் தர்மமாகும்?" என்றார்.

தோப்புக்காரர் தலை குனிந்தார். நேரே அவள் வீட்டுக்குப் போய்க் கூலியைக் கொடுத்தார். அப்போது மணி ஐந்து. ஞாயிற்றுக்கிழமை ராகுகாலம் நாலரை முதல் ஆறு வரை. அதுவும் நவமி. அன்று இரவே பிள்ளைக்கு மருந்து கிடைத்தது.

மக்களே! திருவிழாவுக்கு நாள் பாருங்கள், விதைப்புக்குப் பருவம் பாருங்கள். உழைத்தவன் கூலிக்கும் பசித்தவன் சோற்றுக்கும் நோயாளியின் மருந்துக்கும் நாள் பார்க்க வேண்டாம். எளியவரைத் தாங்குவதே அய்யா காட்டிய தர்மம். அதைச் செய்கிற நேரம் எதுவோ அதுவே நல்ல நேரம்.

அய்யா உண்டு.