பிழை காணப்படவில்லை

கராஜ் பில்களில் அடிக்கடி வரும் ஒரு வாசகம் உண்டு: ‘பரிசோதிக்கப்பட்டது. பிழை எதுவும் காணப்படவில்லை.’ கீழே தொகை, அதற்கும் கீழே வரி. ஆங்கிலத்தில் அச்சாகிவரும் இந்த வாசகத்தைத் தமிழில் எழுதிப் பார்த்தால் அதிலுள்ள ஒளிப்பு இன்னும் துலக்கமாகத் தெரிகிறது. காணப்படவில்லை என்றால் யாரால்? எவ்வளவு நேரம் பார்த்தார்கள், காலையிலா மத்தியானத்திலா, அப்போது வெளியே என்ன வெக்கை, என்ன குளிர்? இவை எதுவும் அந்தச் சொல்லுக்குள் இல்லை. பில்லைக் கையில் வாங்குபவரோ ‘பிழை இல்லை’ என்று வாசித்துக்கொண்டு போகிறார். ‘காணவில்லை’ என்பதிலிருந்து ‘இல்லை’ என்பதற்குப் போக ஒருவருக்கு எப்போது உரிமை கிடைக்கிறது என்பதே எனது கேள்வி. இதைக் கேட்பதற்கு, ஒருநாள் ஸ்ராட் வந்து மறுநாள் வராமல் விடுகிற காரைவிட நல்ல இடம் வேறில்லை என்று நினைக்கிறேன். தொண்ணூறுகளில் சில வருடங்கள் ஸ்காபரோவில் ஒரு தமிழ்க் கராஜில் சனிக்கிழமைகளில் பில் எழுதியவன் என்பதற்கு மேல் எனக்கு இதில் வேறு தகுதி கிடையாது.

ஒருபோதும் ஸ்ராட் வராத கார் மெக்கானிக்குக்குச் சிரமம் தராது. நோய் எந்நேரமும் முன்னால் இருக்கிறது. மின்சாரம் எதுவரை வருகிறது, எங்கே நிற்கிறது என்று பார்த்துக்கொண்டே போகலாம். வந்தும் வராமலும் இருப்பதுதான் ஆளைக் கொல்கிறது. அதிலும் இரண்டு வகை. திறப்பைத் திருப்பினால் எஞ்ஜின் சுழலவே மாட்டாது என்பது ஒன்று. சுழலும், ஆனால் பற்றாது என்பது மற்றது. முதலாவதென்றால் பற்றரி, வயர், ஸ்ராட்டர், கியர் ‘பார்க்’கில் இருக்கிறதா என்று பார்க்கும் சுவிட்ச் என்று தேட வேண்டும். இரண்டாவதென்றால் பெற்றோல் வரவில்லை, அல்லது பொறி வரவில்லை. எங்கள் சனம் இரண்டையும் ‘ஸ்ராட் வரேல்லை’ என்றே சொல்லும். ஆகவே நல்ல மெக்கானிக்கின் முதல் கேள்வி ‘என்ன சத்தம் கேட்டது?’ என்பதாக இருக்கும். அந்நாளைய டொயோட்டாக்களில் ஸ்ராட்டருக்குள் இருக்கும் செப்புத் தொடுப்புகள் தேய்ந்துபோனால், திறப்பைத் திருப்ப ஒரு ‘டிக்’ மட்டும் கேட்கும். நாலைந்து தரம் திருப்ப ஒன்றும் நடவாததுபோல் சுழலத் தொடங்கும். பனிக்காலத்தில் மைனஸ் 18 அளவில் ஒரு ஈயப் பற்றரி தன் வலுவில் ஏறக்குறையப் பாதியை இழந்துவிடுகிறது. அதே குளிரில் தடித்துப்போன எண்ணெயோ எஞ்ஜினைச் சுழற்றக் கூடுதலான வலுவைக் கேட்கிறது. இழுவை லொறியில் ஏறிச் சூடான கராஜுக்குள் வந்து ஒரு மணித்தியாலம் நின்றால் கார் சுகதேகியாகிவிடும்.

இந்தக் கேள்வி எங்களுக்குப் புதிதல்ல. மணிமேகலையில் பல சமயத்தாரிடமும் அவரவர் கொள்கையைக் கேட்கும் காதையில் அறிவு பெறும் வழிகளாக எண்ணப்படும் அளவைகளில் ‘அபாவம்’ என்பதும் ஒன்று. ஒரு பொருள் இல்லை என்பதை அறிகிற வழி அது. மீமாஞ்சகர்களில் ஏழாம் நூற்றாண்டளவில் வாழ்ந்த குமாரிலரின் மரபினர் ‘காணாமை’யைத் தனியொரு அளவையாகவே ஏற்றனர், ஆனால் அதற்கு ஒரு நிபந்தனை வைத்தனர். பொருள் அங்கே இருந்திருந்தால் கண்ணில் பட்டே இருக்கும் என்ற நிலைமை இருக்க வேண்டும். வெளிச்சமான தரையில் குடத்தைக் காணவில்லையென்றால் குடம் இல்லை என்று சொல்லலாம். இருட்டறைக்குள் நின்றுகொண்டு குடத்தைக் காணவில்லை என்றால், அது குடத்தைப் பற்றிய செய்தியல்ல. கராஜ் பில்லில் விடுபட்டுப்போவது இந்த நிபந்தனைதான்.

1996 கோடையில் அந்தக் கராஜுக்கு ஒரு பெண் 1991ஆம் ஆண்டு ஹொண்டா சிவிக் ஒன்றைக் கொண்டுவந்தார். கையில் வேறு இரண்டு கராஜ்களின் பில்கள். இரண்டிலும் மேற்படி வாசகம். ஒன்றில், பிழை காணாமலே, புதுப் பற்றரி ஒன்றும் போட்டிருந்தார்கள். காலையில் ஒரு தொழிற்சாலையில் வேலை. மூன்றரைக்கு முடிந்ததும் நாலரைக்கு அலுவலகமொன்றைத் துப்பரவாக்கும் இரண்டாவது வேலை. காலையில் கார் ஒருநாளும் பிழைவிட்டதில்லை. பின்னேரத்தில்தான், அதுவும் எல்லா நாளும் அல்ல. இரண்டாவது வேலைக்கு மூன்று தரம் பிந்திவிட்டது. மேற்பார்வையாளர் எங்கடை ஆள்தான். கார் ஸ்ராட் வரவில்லை என்பது எல்லோரும் சொல்லும் கதை என்று சொல்லிவிட்டாராம்.

அக்கராஜின் மூத்தவரைப் பெரியண்ணை என்றுதான் எல்லோரும் கூப்பிடுவோம். யாழ்ப்பாணத்தில் மொரிஸ் மைனர், ஒஸ்ரின் என்று தொடங்கி, தொண்ணூறுகளின் பொருளாதாரத் தடைக் காலத்தில் சில துளி பெற்றோலில் ஸ்ராட் பண்ணி மண்ணெண்ணெயில் ஓடவிட்டவர். அவர் காரின் முன்மூடியைத் திறக்கவில்லை. அந்தப் பெண்ணை இருத்தி வைத்துக் கேட்டார்.

“பிள்ளை, எஞ்ஜின் சுத்துதோ?”

“சுத்துது அண்ணை. பத்துதில்லை.”

“மழை நாளிலை இப்பிடி நடந்ததோ?”

அவர் கொஞ்சம் யோசித்தார். “இல்லை. மழையெண்டால் ஒருநாளும் இல்லை.”

“கண்ணாடி ஏத்தித்தான் விடுவியளோ?”

“ஓம். வேலையாலை வந்து பாத்தால் உள்ளை நெருப்பு மாதிரிக் கிடக்கும். கதவைத் திறந்துபோட்டு இருந்து கந்தசஷ்டி கவசம் சொல்லுவன். சொல்லி முடிய ஸ்ராட் வரும்.”

நின்ற பெடியன்கள் சிரித்தார்கள். பெரியண்ணை சிரிக்கவில்லை. கவசம் முழுவதும் சொல்ல ஏறத்தாழ இருபது நிமிடம் செல்லும். கதவு திறந்த காரின் உட்புறம் ஆறுவதற்கும் அவ்வளவு நேரம் போதும். அவருக்குத் தேவையானது கிடைத்துவிட்டது.

சாட்சி சொல்பவர் ஒருவரிடம் இரண்டு சரக்குகள் கலந்திருக்கும்: தான் கண்டது, அதற்குத் தான் கற்பித்த காரணம். காரணம் பிழையென்று தெரிந்தவுடன் கண்டதையும் சேர்த்து எறிந்துவிடுகிற பழக்கம் படித்தவர்களிடம் அதிகம். முருகன் கார் திருத்துவாரா என்பது அன்றைக்கு அங்கே கேள்வியாக இருக்கவில்லை. இருபது நிமிடம், திறந்த கதவு, வெயில் நாள் ஆகிய மூன்றும் அந்தப் பெண் கண்டவை. அம்மூன்றும் முழு உண்மை.

அவர் காரைக் கராஜின் நிழலுக்குள் எடுக்காமல், கண்ணாடிகளை ஏற்றி, முற்றத்து வெயிலில் மூன்று மணித்தியாலம் விட்டார். பிறகு திறப்பை ஒரு நிலை திருப்பிக் காது கொடுத்தார். அந்த ஹொண்டாக்களில் திறப்பைத் திருப்பியதும் பின்பக்கமிருந்து பெற்றோல் பம்ப் இரண்டு செக்கன் உறுமி அடங்கும். சத்தம் இல்லை. சுழற்றினார், சுழன்றது, பற்றவில்லை. பம்புக்கு மின்சாரம் கொடுக்கும் றிலே டாஷ்போட்டுக்குக் கீழே, வெக்கை தேங்கும் இடத்தில் இருக்கிறது. அதைக் கழற்றி ஆறவைத்துப் பூட்ட, கார் உடனே பற்றியது. நல்லதென்று அதோடு விட்டிருக்கலாம். அவரோ வீட்டிலிருந்து தலைமயிர் உலர்த்தும் மெஷினைக் கொண்டுவரச் சொல்லி, றிலேயைச் சூடாக்கிப் பிழையை மறுபடி வரவழைத்தார். ஆறவைத்துப் போகச் செய்தார். இரண்டு தரம் இப்படி. அதன் பிறகுதான் மூடியைத் திறந்து பூதக்கண்ணாடியால் பார்த்தார். ஈயப்பற்றுகளில் ஒன்றைச் சுற்றி மயிரிழை போல ஒரு வளைய வெடிப்பு. சூட்டில் விரிந்து தொடுப்பை விட்டுவிடும், ஆறினால் ஒட்டிக்கொள்ளும். சூட்டுக்கோலை வைத்து அதை உருக்கிவிட ஐந்து நிமிடம் செல்லவில்லை.

பிழையை விரும்பிய நேரத்தில் வரவும் போகவும் செய்ய முடிந்தால் மட்டுமே கண்டுபிடித்ததாகச் சொல்ல வேண்டும் என்பது அவருடைய சட்டம். எதையாவது மாற்றினேன், பிறகு ஸ்ராட் வந்தது என்பது அவருக்குப் போதாது. இதற்குப் பின்னால் ஒரு கணக்கு இருக்கிறது. பத்துத் தரத்துக்கு ஒருதரம் பிழைவிடும் காரில் ஒன்றுமே செய்யாமல் பத்துத் தரம் திறப்பைத் திருப்புங்கள். பத்துத் தரமும் சரியாக வருவதற்கு நூற்றுக்கு 35 பங்கு வாய்ப்பு உண்டு. தொடர்ந்து 29 தரம் சரியாக வந்தால்தான், அது வெறும் தற்செயலாக இருக்கும் வாய்ப்பு நூற்றுக்கு 5க்குக் கீழே இறங்குகிறது. மூன்று தரம் திருப்பிப் பார்த்துவிட்டுத் திறப்பைக் கையில் தருகிறவருக்குத் தனது வைத்தியம் பலித்ததா என்று தெரியவே தெரியாது. ஆனால் பற்றரிக்கும் ஸ்ராட்டருக்கும் காசு வாங்கிவிடுவார். ஊகத்தை அறிவென்று விற்பது என்னைப் பொறுத்தவரை களவுதான். தேடிய நேரத்துக்குக் கூலி கேட்பது நியாயம். தேடிக் கிடைக்காவிட்டாலும் நியாயம். ‘இன்னும் தெரியவில்லை, இவ்வளவு நேரம் தேடினேன்’ என்று எழுதிக் காசு கேட்கும் பில் ஒன்றை நான் எந்தக் கராஜிலும் கண்டதில்லை. பெரியண்ணை அன்று ஒரு மணித்தியாலக் கூலி மட்டும் எழுதச் சொன்னார். வெயிலில் நின்ற நேரத்துக்கு அவர் காசு வாங்கவில்லை. முதலாளிக்கு அதில் மனத்தாங்கல்.

அந்தப் பெண் காசைக் கொடுத்துவிட்டு ஒன்று கேட்டார். கார் உண்மையாகவே பிழையாகத்தான் இருந்தது என்று ஒரு துண்டில் எழுதித் தர முடியுமா? எழுதிக் கொடுத்தேன். அந்த இரண்டாவது வேலை திரும்பக் கிடைக்கவில்லை. அதற்குள் வேறொருவரை எடுத்துவிட்டார்களாம்.

இதே இயல்புள்ள பிழை பெரிய அளவில் நீதிமன்றம்வரை போனதுண்டு. ஃபோர்ட் நிறுவனம் 1983 முதல் 1995 வரையான பல கார்களில் பொறியைக் கட்டுப்படுத்தும் மின்னணுப் பாகம் ஒன்றை எஞ்ஜினின் வெக்கை நேரே படும் இடத்தில் பொருத்தியிருந்தது. சூடேறினால் கார் ஓட்டத்திலேயே நின்றுபோகலாம், பிறகு ஆறும்வரை ஸ்ராட் வராது. கழற்றி எடுத்து உதிரிப்பாகக் கடையின் மேசையில் வைத்துச் சோதித்தால் அதற்குள் ஆறிப்போன பாகம் ‘நல்லது’ என்று காட்டும். 2000ஆம் ஆண்டில் கலிபோர்னிய நீதிபதி ஒருவர், நிறுவனம் இக்குறையை அறிந்தும் மறைத்தது என்று தீர்ப்புச் சொன்னார். மறுவருடம் வழக்கு இணக்கத்தில் முடிந்தது. அவ்வளவு காலமும் நடுவீதியில் நின்றவர்களில் எத்தனை பேர், தங்களுக்குத்தான் கார் ஓட்டத் தெரியவில்லை என்று நினைத்திருப்பார்கள்?

இனி இன்னொரு சோதனை. பற்றரியிலிருந்து ஸ்ராட்டருக்குப் போகும் தடித்த வயருக்குள் மெல்லிய செப்பு இழைகள் ஏராளம். உப்பும் ஈரமும் ஏறி அவை ஒவ்வொன்றாக அரித்துப்போய் ஒரேயொரு இழை மிஞ்சியிருந்தாலும், தடையை அளக்கும் மீற்றர் அந்த வயரை நல்லதென்றே சொல்லும். மீற்றர் அதற்குள் அனுப்புவது மிகச் சிறிய மின்னோட்டம். ஒரு இழைக்கு அது பாரமே இல்லை. ஸ்ராட்டர் கேட்பதோ நூறு, நூற்றைம்பது அம்பியர். ஆகவே எஞ்ஜினைச் சுழற்றிக்கொண்டே, பாரம் ஏறிய நிலையில், வயரின் இரு முனைகளுக்கிடையில் எத்தனை வோல்ற் விழுகிறது என்று அளக்க வேண்டும். அரை வோல்ற்றுக்கு மேல் விழுந்தால் வயர் கெட்டுவிட்டது.

இதைப் பார்த்துக்கொண்டிருந்தபோதெல்லாம் எனக்கு நினைவு வந்தது வேறொரு மேசை. இதை வாசிப்பவர்களில் பலர் அந்த மேசையின் மறுபக்கத்தில் இருந்தவர்கள். சூடேற்றிய அறை, தண்ணீர்க் குவளை, மொழிபெயர்ப்பாளர். அங்கிருந்துகொண்டு, ஒரு முகாமில் நள்ளிரவில் நடந்ததைத் திகதியும் நேரமும் பிசகாமல் சொல்ல வேண்டும். பாரமில்லாத மீற்றரால் பாரத்தின் கீழ் நடந்ததை அளக்கும் வேலை. அகதிகளுக்கான ஐ.நா. உயர் ஸ்தானிகராலயம் 1979இல் வெளியிட்ட கைநூல் இதை அறிந்தே இருந்தது. எல்லாவற்றையும் நிரூபிக்க ஓர் அகதியால் முடியாது, சொல்வது நம்பத்தக்கதாயின் சந்தேகத்தின் பயனை அவருக்கே கொடுக்க வேண்டும் என்று அது சொல்கிறது. கொடுத்தவர்களும் உண்டு, கொடாதவர்களும் உண்டு. ‘நம்பத்தக்க சான்று காணப்படவில்லை’ என்ற வாசகத்தை வாசித்தவர்களுக்கு அதன் செயப்பாட்டு வினையை நான் விளக்கத் தேவையில்லை.

அப்படியானால் வருகிற எல்லோரையும் நம்பிவிடுவதா என்று கேட்கலாம். நியாயமான கேள்வி. பெற்றோல் முடிந்ததைக் கவனியாமல் காரை இழுத்துக்கொண்டு வருபவர்களும், வாங்குபவரை ஏமாற்ற ‘புதுப் பற்றரி’ என்று பழசை மினுக்கி விற்பவர்களும் எங்களுக்குள் தாராளம். நான் கேட்பது அவ்வளவு பெரிதல்ல. தீர்ப்பை நம்ப வேண்டியதில்லை. நடந்ததாகச் சொல்லும் நிலைமையை ஒருதரமாவது திரும்ப உண்டாக்கிப் பார்க்கும் அளவுக்கு நம்பினால் போதும். மூன்று மணித்தியால வெயில். அதன் பிறகும் பிழை வராவிட்டால் அப்போது பேசலாம். செலவாகும் என்பார்கள். ஆகும்தான். ஆனால் பார்க்காமல் விடுவதாலும் ஒரு செலவு உண்டு. அது பில்லில் ஏறாமல், பின்னேர வேலைக்குப் பிந்திப்போன ஒருவரின் தலையில் ஏறுகிறது.

அமெரிக்காவில் 1996ஆம் ஆண்டு மாதிரிகளிலிருந்து எல்லாக் கார்களிலும் பிழைகளைப் பதிந்து வைக்கும் கணினி கட்டாயமானது. சில பிழைகளுக்கு, அவை நேர்ந்த கணத்தில் எஞ்ஜின் என்ன சூட்டில், என்ன வேகத்தில் இருந்தது என்பதைக்கூட அது நினைவில் வைத்துக்கொள்ளும். நல்ல காரியம். ஆயினும் வெடித்த ஈயப்பற்றும் அரித்த வயரும் பல வேளைகளில் அதில் ஒரு சுவடும் விடுவதில்லை. ‘கணினியில் ஒன்றும் இல்லை’ என்பது இப்போது ‘பிழை காணப்படவில்லை’யின் இடத்துக்கு வந்துவிட்டது. போதாததற்கு, அடுத்தமுறை நடக்கும்போது தொலைபேசியில் படம் எடுத்துக்கொண்டு வாருங்கள் என்கிறார்கள். சனமும் எடுத்துக்கொண்டு போகிறது. அண்மையில் ஒருவர் எனக்குக் காட்டினார். விடியப்புறம் நாலு மணி, மைனஸ் இருபது, கையுறையைக் கழற்றிய கையில் தொலைபேசி நடுங்குகிறது. டாஷ்போட்டு வெளிச்சம் மங்கி எரிகிறது. ஒரு ‘டிக்’. மூச்சுப் புகை. இன்னொரு ‘டிக்’. பிறகு, கேட்க யாருமில்லாத காருக்குள், வேலைத்தலத்துக்கு என்ன சொல்வதென்று ஆங்கிலத்தில் அவர் தனக்குள் சொல்லிப் பார்க்கும் குரல்.