முதலில் யாரைக் காக்க வைப்பது?

அமெரிக்காவில் 2025 அக்டோபர் 1 முதல் நவம்பர் 12 வரை, 43 நாட்கள் அரசு முடங்கிக் கிடந்தது. செலவுக்கு நாடாளுமன்ற ஒப்புதல் கிடைக்கவில்லை. விமானப் போக்குவரத்துக் கட்டுப்பாட்டாளர்கள் சம்பளமில்லாமலே வேலை பார்த்தார்கள். நம் நாட்டில் அப்படியொரு பூட்டுக்கு இடமில்லை. பட்ஜெட் தோற்றால் அமைச்சரவையே போய்விடும். ஆனால் அலுவலகத்தைத் திறந்து வைத்துக்கொண்டே கொடுக்க வேண்டியதைக் கொடுக்காமல் இருக்க முடியும். கேரளத்தில் அது நடந்தது.

2024 மார்ச் 1, சம்பள நாள். அரசு ஊழியர்கள் பலருக்குக் கருவூலக் கணக்கில் தொகை ஏறியதாகக் காட்டியது. வங்கிக்கு மாற்றப் போனால் நகரவில்லை. சில நாள் கழித்து, ஒரு நாளைக்கு 50,000 ரூபாய் என்ற வரம்போடு எடுக்க விட்டார்கள். அதற்குள் தலைமைச் செயலகத்தில் உண்ணாவிரதம், தொலைக்காட்சிகளில் அனல் பறக்கும் விவாதம். ஊழியர் கேட்டதில் தவறில்லை. செய்த வேலைக்கு உரிய கூலி அது.

அதே காலத்தில் முதியோரும் விதவைகளும் மாதம் 1,600 ரூபாய் ஓய்வூதியத்துக்குப் பல மாதங்களாகக் காத்திருந்தார்கள். அதற்கு இந்த வேகம் இல்லை. 2023 நவம்பரில் இடுக்கி மாவட்டம் அடிமாலியில் வயது முதிர்ந்த பாட்டிகள் இருவர் கழுத்தில் அட்டையும் கையில் சட்டியுமாகக் கடைவீதியில் பிச்சைக்கு இறங்கிய பிறகே ஊர் திரும்பிப் பார்த்தது. அப்போதும் ஆளுங்கட்சி நாளேடு, அவர்களில் ஒருவருக்கு நிலமும் வீடும் இருப்பதாக எழுதியது. கிராம அலுவலகச் சான்றோடு அவர் மறுத்ததும் வருத்தம் தெரிவித்தது. பசியை நிரூபிக்கப் பத்திரம் காட்ட வேண்டியிருந்தது என்பதுதான் இதில் மிகவும் கூசச் செய்வது.

மாநில அரசின் வாதத்திலும் நியாயம் உண்டு. ஓய்வூதியம் தடைப்படாமலிருக்க அமைத்த நிறுவனத்தின் கடனையும் மாநிலத்தின் கடனாகவே ஒன்றிய அரசு கணக்கிட்டு, கடன் வரம்பைச் சுருக்கியது. கேரளம் உச்ச நீதிமன்றம் போனது; 2024 ஏப்ரலில் வழக்கு அரசமைப்பு அமர்வுக்கு அனுப்பப்பட்டது. வாஷிங்டனில் இரண்டு கட்சிகள் மல்லுக்கட்டின, இங்கே இரண்டு அரசுகள். இரண்டு இடத்திலும் அடி வாங்கியது மூன்றாம் ஆள்.

ஆனால் கஜானா வற்றியதற்கு யார் காரணம் என்பது ஒரு கேள்வி. வற்றிய கஜானாவிலிருந்து முதல் ரூபாய் யாருக்கு என்பது வேறு கேள்வி. இரண்டாவதற்குத் தில்லியைக் கைகாட்ட முடியாது. பாலக்காட்டைப் பாருங்கள். சித்தூர், ஆலத்தூர் பக்கத்து விவசாயி அரசுக்கு நெல் கொடுக்கிறார், கொள்முதல் செய்யும் அரசு நிறுவனமான சப்ளைகோவின் பி.ஆர்.எஸ். என்ற நெல் ரசீதுச் சீட்டு கிடைக்கிறது. அந்தச் சீட்டின்பேரில் வங்கி பணம் தருகிறது, அவர் பெயரில் கடனாக! அரசு அடைக்கத் தாமதித்தால் கடன்காரராக நிற்பவர் நெல்லை விற்றவர். பொறுப்பு தன்னுடையது என்று அரசு சொல்லலாம். வங்கிப் பதிவேட்டில் இருப்பது விவசாயியின் பெயர்தானே. வாங்கியவன் பாக்கிக்கு விற்றவன் கையெழுத்துப் போடும் வியாபாரத்தை எந்தச் சந்தையிலும் ஏற்கமாட்டார்கள்.

இங்கெல்லாம் வரிசையைத் தீர்மானிப்பது தேவையல்ல, சத்தம். சங்கம் உள்ளவருக்கு நாட்கணக்கு, இல்லாதவருக்கு மாதக்கணக்கு. சம்பளம் உரிமை, ஓய்வூதியம் உதவி, ஆகவே உதவி பின்னால் வரலாம் என்று ஒரு தர்க்கம் உண்டு. நலஓய்வூதியம் சட்டப்படியான உரிமையல்ல என்று அரசே உயர் நீதிமன்றத்தில் சொன்னது. சட்டத்தில் அது செல்லலாம், அறத்தில் செல்லாது. மாதாமாதம் தருகிறேன் என்று அரசு வாக்குக் கொடுத்து, அதை நம்பி மருந்துக்கடையில் பற்று வைத்தவருக்கு அது உதவி அல்ல, வரவு. கைச்சேமிப்பு இருப்பவர் பத்து நாள் பொறுப்பார். மாத்திரை தீர்ந்தவரால் முடியாது.

அதற்காக ஊழியரின் சம்பளத்தைப் பிடித்துக் கிழவிக்குக் கொடு என்பதல்ல பேச்சு. பற்றாக்குறை வரும்போது அமைச்சரவைச் செலவும் விழாச் செலவும் முதலில் நிற்கட்டும், ஒப்பந்தக்காரரின் பெரிய பில்கள் அடுத்து. ஓய்வூதியமும் நெல் பணமும் கடைசிவரை தொடப்படக் கூடாதவை.

2025 நவம்பர் முதல் ஓய்வூதியம் 2,000 ரூபாய் ஆகியிருக்கிறது. நல்லது. அது எந்தத் தேதிக்குள் கைக்கு வர வேண்டும் என்பதையும் சட்டத்தில் எழுதுங்கள்.