காதை மூடுமுன்

1990களின் பொருளாதாரத் தடையின்போது வன்னிக்குப் பற்றறி வருவது தடைப்பட்டிருந்தது. மக்கள் சைக்கிளைக் கவிழ்த்துப் பெடலைக் கையால் சுற்றி, டைனமோ மின்சாரத்தில் வானொலி கேட்டனர். ஒருவர் சுற்ற, அயலவரெல்லாம் கூடிக் கேட்ட காலம் அது. இன்று கிளிநொச்சியில் பிள்ளைகள் காதை முழுதாய் மூடும் ஹெட்போன் கேட்கின்றனர். எதை வாங்கிக் கொடுப்பது?

முதலில் பணப்பையையல்ல, வீட்டைப் பாருங்கள். பின்புறம் திறந்த ஹெட்போன் இயல்பான ஓசை தரும். ஆனால் ஒலி வெளியே கசியும். அது தனியறை உள்ளவருக்கே ஏற்றது. ஓரறையில் ஒருவர் படிக்க, மற்றவர் உறங்கும் வீட்டுக்கு மூடிய வகையே நன்று. வெளிச்சத்தம் குறைவதால் ஒலியைக் கூட்டவும் வேண்டியதில்லை. கைத்தொலைபேசிக்கு 32 ஓம் அளவுள்ளது போதும். 250 ஓம் வகைக்குப் பெரும்பாலும் தனி அம்பிளிபயர் வேண்டும்; அது வீண் செலவு. பாடம் கேட்கும் மாணவனுக்குப் பாரம் குறைந்ததும், தேய்ந்த மெத்தையை மாற்றக்கூடியதும் உகந்தவை.

அடுத்து, கேட்கும் நேரம். உலக சுகாதார நிறுவனத்தின் கணக்குப்படி 80 டெசிபலில் வாரத்துக்கு 40 மணி நேரம் கேட்கலாம். 90 ஆனால் 4 மணி நேரமே. உட்செவியின் நுண்மயிர்க் கலங்கள் அழிந்தால் மீண்டும் முளைப்பதில்லை.

விலைச்சீட்டில் இல்லாத செலவொன்றும் உண்டு. பிறர் உறக்கம் கெடாதிருக்கக் காதை மூடுவது அன்பு. தாய் அழைப்பது கேளாதிருக்க மூடுவதோ அன்பின்மை. கருவி ஒன்றே, மனம்தான் வேறு. 2013இல் புகையிரதம் திரும்பிவந்த ஊரில், கடவையை அணுகும்போது அதைக் கழற்றாவிட்டால் உயிருக்கே ஆபத்து. ஆகவே வாங்கும் அன்றே, எப்போது அணிவது, எப்போது கழற்றுவது என்று பிள்ளைகளோடு பேசி முடிவு செய்யுங்கள்.