பூட்டிய தறிக்கூடத்தில் அடுப்பைப் பற்ற வை!

தறி நின்றுவிட்டதா? நிற்கட்டும். நீ நிற்காதே!

திருச்செங்கோட்டுச் சுற்றுவட்டாரத்தில் தறியைப் பழைய இரும்புக்குப் போட்டுவிட்டு, வெறும் கூடத்தைப் பூட்டி வைத்திருக்கும் தம்பிகளே, தங்கைகளே! அந்தக் கூடம் உன் குடும்பத்தின் தோல்வி அல்ல. உன் கையில் இருக்கும் முதல்!

அதை ஓர் உணவகமாக்க முடியுமா என்று தயங்குகிறாயா? கோவை அவிநாசி சாலையில் போய்ப் பார். 1910-இல் ஜி. குப்புசாமி நாயுடு தொடங்கிய லட்சுமி மில்ஸின் பழைய ஆலைக் கட்டடத்தில் இன்று கடைகளும் உணவகங்களும் நடக்கின்றன. பிரேசிலின் சாவோ பாவ்லோ நகரில் ஒரு பழைய பீப்பாய்த் தொழிற்சாலையை இடிக்காமல் காப்பாற்றி, 1982-இல் மக்கள் கூடும் இடமாக்கினார் லினா போ பார்டி என்ற கட்டடக் கலைஞர். அங்கே நீண்ட மேசைகளில் முன்பின் அறியாதவர்களும் ஒன்றாக உட்கார்ந்து சாப்பிடுகிறார்கள்.

அவை பெரிய ஊர்கள் என்று சொல்லாதே. உன் ஊர் எது? தண்ணீருக்கு ஏங்கிய மண்ணிலிருந்து ரிக் வண்டி ஏறி, இந்தியா முழுக்க ஆழ்துளைக் கிணறு போட்டு, ஆப்பிரிக்கா வரை போன ஊர்! வறட்சியையே தொழிலாக்கியவர்களின் பிள்ளை, நாலு சுவரையும் ஒரு கூரையையும் பார்த்து மலைக்கலாமா?

ஆனால் ஒன்று. தன்னம்பிக்கை என்பது கணக்குத் தெரிந்தவனின் துணிச்சல். டேப்பை எடுத்துக்கொண்டு உள்ளே போ. அண்ணாந்து பார்: கூரைச் சட்டங்களில் பல வருடப் பஞ்சுத் தூசி படிந்திருக்கும். ஒரு பொறி போதும், பற்றிக்கொள்ளும். அதைத் துடைத்தெடுக்காமல் அடுப்பை மூட்டாதே. குனிந்து பார்: தறியை இறுக்கிய போல்ட் குழிகள், எண்ணெய் ஊறிய தரை. கொத்தியெடுத்துப் புதுத் தளம் போடு. ஆஸ்பெஸ்டாஸ் கூரையா? நீயே அறுக்காதே, அந்தத் தூசி நுரையீரலைத் தின்னும். தெரிந்தவர்களை வைத்து இறக்கு. உயர்ந்த கூடத்தில் பேச்சு எதிரொலிக்கும். நம்மூர்த் துணியையே மேலே கட்டு, இரைச்சல் அடங்கும்.

வெளியேற இரண்டு வழி வை. மும்பையில் கமலா மில்ஸ் வளாகத்து உணவகங்களில் 2017 டிசம்பர் 29 அன்று நடந்த தீ விபத்தில் 14 உயிர்கள் போயின. அழகில் மிச்சம் பிடி, பாதுகாப்பில் பிடிக்காதே. மின் இணைப்பை வணிகத்துக்கு மாற்று. உணவுப் பாதுகாப்பு உரிமத்தை முதலிலேயே வாங்கு.

எதைச் சமைப்பது? சின்ன வெங்காயமும் காய்ந்த மிளகாயும் தேங்காய்த் துண்டும் போட்டு வதக்கும் பள்ளிபாளையம் சிக்கன் பக்கத்து ஊர்ச் சொத்து. முட்டைக்கு நாமக்கல் இருக்கிறது. அரிசிம்பருப்புச் சாதமும் சந்தகையும் உன் அம்மாவின் கையில் இருக்கின்றன. ராத்திரி ஷிப்ட் முடிந்து வரும் தறிக்காரர், லாரிப் பட்டறை ஆட்கள், மலையிறங்கி வரும் குடும்பங்கள்: இவர்கள் தினமும் வந்தாலும் கட்டுப்படியாகும் விலை வை. பக்கத்துத் தெரு உன்னை நம்பினால் போதும், ஊரே வரும்.

ஊர் சிரிக்குமே என்கிறாயா? பூட்டிய கூடத்துக்கு ஊர் ஒரு பைசா தராது. சாவியை எடு. கதவைத் திற. இன்றைக்கே அளக்கத் தொடங்கு!