ஒரே பீடம், இரு மொழிகள்

கற்பிட்டித் தீபகற்பத்தில் தலவில புனித அன்னம்மாள் ஆலயத்தில் ஆண்டுதோறும் மார்ச்சிலும் ஆகஸ்டிலும் பெருவிழாக்கள் நிகழ்கின்றன. சிங்களவரும் தமிழரும் ஒரே பீடத்தின்முன் முழந்தாளிடுகின்றனர். சமயம் இனபேதத்தை வென்றுவிட்டதென நாம் மகிழ்கிறோம். அம்மகிழ்ச்சி எந்த அளவுக்கு நியாயமானது?

1705இல் கோவாவிலிருந்து இலங்கைக்கு வந்த யாக்கோமே கொன்சால்வேஸ் அடிகள் தமிழையும் சிங்களத்தையும் கற்று, இரண்டிலும் நூல்கள் இயற்றினார். மக்களைத் தம் மொழிக்கு இழுக்காமல் அவர்கள் மொழிக்குத் தாமே சென்றார். அயலானை நேசி என்னும் கட்டளை அங்கே கல்வியுழைப்பாக உருப்பெற்றது.

இருபதாம் நூற்றாண்டிலோ இதே கரையில் வேறொன்று நிகழ்ந்தது. சிலாபம் முதல் நீர்கொழும்பு வரை, வீட்டில் தமிழ் பேசிய கத்தோலிக்க மீனவரின் பிள்ளைகள் பலருக்குத் திருச்சபைப் பள்ளிகளிலேயே சிங்களம் போதனா மொழியாயிற்று. சில தலைமுறைகளில் பல ஊர்களில் தமிழ் தேய்ந்தது. விசுவாசம் நிலைத்தது, வேற்றுமையும் குறைந்தது. ஆயினும், ஒரு சாரார் தம் தாய்மொழியை இழந்து பெற்ற ஒற்றுமையை நல்லிணக்கம் எனக் கொள்ளலாகுமா?

சிங்களம் கற்றதில் குற்றமில்லை. பிழைப்புக்கு அது வேண்டியதே. ஆனால் ஏழை மீனவன் ஒரு மொழியைப் பெறுதற்கு மற்றொன்றை விலையாகக் கொடுக்க வேண்டுமென்பது அறமாகாது.

கடவுள்முன் யாவரும் சமமெனில், கரும்பலகையின் முன்னும் சமமாதல் வேண்டும். சிங்களப் பிள்ளை தமிழையும் தமிழ்ப் பிள்ளை சிங்களத்தையும் கற்கும் வகுப்பறைகளைக் கோருவது ஆசிரியராகிய நம் கடமை.