தேட்டமும் முதுசமும்: பழைய தொழிற்கூட மாடியில் வீடு வாங்குதல் குறித்த ஓர் அறவியல் நோக்கு

ஒருவன் தன் உழைப்பால் ஈட்டிய பணத்தைக் கொடுத்து ஒரு வீட்டை வாங்குகின்றான். விற்பவன் விருப்பத்துடன் விற்கின்றான். வாங்குபவன் விருப்பத்துடன் வாங்குகின்றான். உறுதி முறைப்படி எழுதப்படுகின்றது. இக்கொடுக்கல் வாங்கலில் அறவியல் வினாவுக்கு இடம் ஏது என்று கேட்பது இயல்பே. ஆயினும், வாங்கப்படுவது வெறுங்காணியிற் புதிதாக எழுந்த வீடாக அன்றி, நூறாண்டுகளுக்கு மேலாகப் பலர் வியர்வை சிந்திய, பின்னர் ஒரு நகரமே போராடிக் காத்த, பழைய தொழிற்கூடமொன்றின் மாடியாக இருக்குமிடத்து நிலைமை வேறாகின்றது. கொடுக்கப்படும் விலையில் எப்பகுதி செங்கல்லுக்கும் இரும்புக்கும் உரியது? எப்பகுதி அக்கட்டடத்தின் கடந்த காலத்துக்கு உரியது? கடந்த காலத்தை விற்கும் உரிமை யாருக்கு உண்டு? நியூயோர்க் மாநகரின் சோஹோப் பகுதியைச் சான்றாகக் கொண்டு இவ்வினாக்களை ஆராய்தல் பயனுடைத்து.

மன்ஹற்றன் தீவின் தென்பாகத்தில், ஹவுஸ்டன் வீதிக்குத் தெற்கே அமைந்திருப்பதால் சோஹோ எனப் பெயர்பெற்ற இப்பகுதி, 19ஆம் நூற்றாண்டின் பிற்பாதியில் வணிகமும் கைத்தொழிலும் செழித்த இடமாகும். அங்கு எழுந்த கட்டடங்களுட் பலவற்றின் முகப்புகள் வார்ப்பிரும்பால் ஆனவை. 1857இல் கட்டப்பட்ட ஹோவூற் வணிகமனை அவற்றுட் புகழ்பெற்ற ஒன்று. மக்களை ஏற்றிச் செல்லும் ஓட்டிஸின் பாதுகாப்பு மின்தூக்கியின் முன்னோடி, நீராவியால் இயங்கியது, அங்குதான் முதன்முதலில் வணிகக் கட்டடமொன்றிற் பொருத்தப்பட்டது. இக்கட்டடங்களின் தடுப்புச் சுவரற்ற பரந்த மாடித் தளமே 'லொஃப்ட்' எனப்படுவது. இன்று வீடு வாங்குவோர் இதன் உயர்ந்த கூரையையும் அகன்ற யன்னலையும் அழகென்று போற்றுகின்றனர். ஆனால், யன்னல் அகன்றது அழகுக்காக அன்று. மின்னொளி பரவாத காலத்தில் தைப்பவர் கைகளுக்கும் அச்சுக் கோப்பவர் கண்களுக்கும் பகல் ஒளி வேண்டியிருந்தது. தளம் பரந்திருந்தது, பொதிகளையும் பொறிகளையும் நெருக்கமாக அடுக்குவதற்கு. இன்றைய அழகு அனைத்தும் அன்றைய உழைப்பின் தேவையாக இருந்தது என்பது ஈண்டு மனங்கொள்ளத்தக்கது.

அவ்வுழைப்பு எத்தகைய நிலையில் நிகழ்ந்தது என்பதற்கு, சோஹோவுக்குச் சற்று வடக்கே, வாஷிங்ரன் பிளேசும் கிறீன் வீதியும் சந்திக்கும் மூலையிலுள்ள பத்துமாடிக் கட்டடம் சான்று. அதன் மேல் மூன்று தளங்களில் இயங்கிய ரையாங்கிள் சட்டைத் தொழிற்சாலையில் 1911 மார்ச் 25ஆந் திகதி தீப்பற்றியது. ஒன்பதாந் தளத்தின் ஒரு கதவு பூட்டப்பட்டிருந்தது. 146 பேர் மாண்டனர். அவர்களுட் பெரும்பாலோர் இத்தாலியரும் யூதருமான குடியேறிய இளம் பெண்கள். கட்டடம் தீக்குத் தாக்குப்பிடித்து நின்றது, மனிதரே அழிந்தனர். அக்கட்டடம் இன்று பல்கலைக்கழகமொன்றுக்கு உரியது. இறந்தோரின் பெயர்களைத் தாங்கிய நினைவுச்சின்னம் அதன் சுவரில் அமைக்கப்பட்டது 2023இலேயே. ஒரு சுவர் தன் நினைவைப் பெறுவதற்கு 112 ஆண்டுகள் சென்றன.

இரண்டாம் உலகப் போரின் பின் நியூயோர்க்கின் கைத்தொழில்கள் படிப்படியாக நகரை விட்டகன்றன. பாழடைந்த சோஹோவைத் தீயணைப்போர் 'நரகத்தின் நூறு ஏக்கர்' என்று அழைத்தனர். அதனூடாகப் பெரும் நெடுஞ்சாலை ஒன்றை அமைப்பதற்கு றொபேட் மோசஸ் முன்னின்று முயன்றார். ஜேன் ஜேக்கப்ஸ் உள்ளிட்ட பலரின் எதிர்ப்பினால் அத்திட்டம் 1969இற் கைவிடப்பட்டது. அப்பகுதி பயனற்ற பாழிடமன்று, குறைந்த கூலி பெறும் கறுப்பின மக்களுக்கும் புவேட்டோ றிக்கோ மக்களுக்கும் தொழில் வழங்கும் இடம் என்பதைச் செஸ்ரர் றப்கின் 1963இல் வெளிவந்த தமது ஆய்வறிக்கையில் ஏற்கனவே எடுத்துக்காட்டியிருந்தார்.

இதே காலத்தில், மலிவான வாடகையும் நல்ல ஒளியும் நாடிய ஓவியரும் சிற்பிகளும் வெறுமையான மாடிகளிற் குடியேறினர். பலர் சட்டத்துக்குப் புறம்பாகவே வாழ்ந்தனர். நீர்க்குழாயும் மின்கம்பியும் தாமே பொருத்தினர். ஜோர்ஜ் மசியூனாஸ் என்ற கலைஞர் 1967இல் வூஸ்ரர் வீதியிற் கலைஞருக்கான கூட்டுறவு இல்லமொன்றைத் தொடக்கினார். சிற்பி டொனால்ட் ஜட் 1968இல் ஸ்பிறிங் வீதியில் ஐந்துமாடிக் கட்டடம் முழுவதையும் 68,000 டொலருக்கு வாங்கினார். 1971இல் நகர நிருவாகம் சான்றிதழ் பெற்ற கலைஞர் அங்கு வாழ்வதற்கு இசைந்தது. 1973இல் ஏறத்தாழ 500 கட்டடங்களைக் கொண்ட அப்பகுதி வரலாற்று வட்டாரமாகப் பிரகடனஞ் செய்யப்பட்டது. 1982இல் மாநில அரசு லொஃப்ட் வாடகைக் குடியிருப்போரைக் காக்கும் சட்டமொன்றை இயற்றியது. அதே ஆண்டில் ஷறன் சூகின் என்ற சமூகவியலாளர், கலைஞரின் வாழ்க்கைமுறையே விற்பனைப் பண்டமாகி, எஞ்சியிருந்த சிறு கைத்தொழில்களையும் ஈற்றிற் கலைஞரையும் வெளியேற்றும் போக்கைத் தமது நூலில் விளக்கினார். கலைஞருக்கென இயற்றப்பட்ட விதி இருக்கவே, அதனை அறிந்துகொண்டே வாங்குகின்றோம் என்ற ஒப்புதற் கடிதத்திற் கையொப்பமிட்டுக் கலைஞரல்லாத செல்வர் வீடு வாங்குவது வழக்கமாயிற்று. எளியோரைக் காக்க எழுந்த விதி, வலியோர் கையொப்பமிட்டுக் கடக்கும் வாயிற்படியாயிற்று.

இனி விலையை நோக்குவோம். மனிதன் தன் உழைப்பை ஒரு பொருளுடன் கலப்பதால் அப்பொருள் அவனுக்கு உரித்தாகின்றது என்றார் ஆங்கில மெய்யியலாளர் ஜோன் லொக். இக்கொள்கையை இம்மாடிக்குப் பொருத்திப் பார்த்தால் விந்தையான விடையே கிடைக்கின்றது. இதனோடு உழைப்பைக் கலந்தோர் இரும்பு வார்த்தோர், தைத்தோர், பொதி சுமந்தோர், குழாய் பொருத்திய கலைஞர் ஆகியோரே. இவருட் பெரும்பாலோர் உறுதியில் இல்லை. மறுபுறம், காணியின் விலையேற்றம் உரிமையாளன் முயற்சியாலன்றிச் சமூகம் முழுவதன் வளர்ச்சியாலேயே உண்டாகின்றது என்று ஹென்றி ஜோர்ஜ் 1879இல் வாதிட்டார். 1886இல் இதே நியூயோர்க் நகரின் மேயர் பதவிக்குப் போட்டியிட்டுத் தோல்வியுற்றவர் அவர். நெடுஞ்சாலையைத் தடுத்தவர்களின் போராட்டமும், வட்டாரத்தைப் பாதுகாத்த நகரச் சட்டமும் இன்றைய விலையில் அடங்கியுள்ளன. ஆனால் அவ்விலை விற்பவன் ஒருவன் கையையே சேர்கின்றது.

ஆகவே, வாங்குபவன் குற்றவாளியா? இம்முடிவுக்கு விரைந்து வருவது நேர்மையாகாது. தொழிற்சாலைகளை மூடியவன் அவனல்லன். அவன் வாங்க மறுத்தால் தையற்பெண் மீண்டும் வேலைக்கு வரப்போவதில்லை. கலைஞரின் வாடகையும் குறையப்போவதில்லை. மேலும், வார்ப்பிரும்பு துருப்பிடிக்கும்; மரத்தூண் உளுக்கும்; கூரை ஒழுகும். இவற்றைப் பேணப் பணம் வேண்டும். வாங்குவோர் இல்லாத பழைய கட்டடங்கள் பெரும்பாலும் இடிக்கப்படுகின்றன. எனவே அவன் பணம் கட்டடத்தைக் காக்கின்றது என்ற வாதம் வலுவுடையதே.

எனினும், இவ்வாதம் அவனைக் குற்றத்திலிருந்து விடுவிக்கின்றதேயன்றிக் கடப்பாட்டிலிருந்து விடுவிக்கவில்லை. குற்றம் என்பது ஒருவன் செய்ததைப் பற்றியது. கடப்பாடு என்பது ஒருவன் பெற்றதைப் பற்றியது. தான் செய்யாத தீங்குக்கு ஒருவன் குற்றவாளியாகான்; ஆனால் தான் உண்டாக்காத நன்மையைப் பெறுபவன் அந்நன்மையை எவ்வாறு பயன்படுத்துகின்றான் என்பதற்குப் பொறுப்பாளியாவான். இவ்விரண்டையும் வேறுபடுத்தாமையே இவ்விடயம் பற்றிய விவாதங்கள் ஒருபுறம் வெற்றுப் பழிப்பாகவும் மறுபுறம் வெற்றுத் தற்காப்பாகவும் முடிவதற்குக் காரணம் எனலாம்.

இக்கடப்பாடு வெறும் உணர்ச்சியன்று என்பதைக் கூட்டாதன உடைமையின் அமைப்பே காட்டுகின்றது. நியூயோர்க் மாநிலம் 1964இற் கூட்டாதனச் சட்டத்தை இயற்றியது. அதன்படி வாங்குபவனுக்குத் தனியே உரித்தாவது தன் வீட்டின் உள்ளிடம் மட்டுமே. அத்திவாரம், கூரை, புறச்சுவர், மாடிப்படி, மின்தூக்கி ஆகியன பிரிக்கப்படாத பங்குகளாக அனைவர்க்கும் பொது. வரலாற்று வட்டாரத்திலோ இதற்கு அப்பாலும் ஒரு வட்டமுண்டு. 1965இல் இயற்றப்பட்ட நகரச் சின்னங்கள் பாதுகாப்புச் சட்டத்தின்கீழ், ஆணைக்குழுவின் அனுமதியின்றி முகப்பின் தோற்றத்தை மாற்ற முடியாது. இச்சட்டம் செல்லுபடியாகும் என்பதை அமெரிக்க உயர் நீதிமன்றம் 1978இல் கிறாண்ட் சென்றல் புகையிரத நிலையம் தொடர்பான வழக்கில் உறுதிசெய்தது. 1979இற் கட்டட முகப்பொன்றிலிருந்து விழுந்த துண்டு கல்லூரி மாணவி ஒருவரின் உயிரைப் பறித்ததைத் தொடர்ந்து, ஆறு மாடிகளுக்கு மேற்பட்ட கட்டடங்களின் முகப்புகளைக் காலந்தோறும் பரிசோதிக்க வேண்டும் என்ற நகரச் சட்டம் 1980இல் வந்தது. ஆகவே உள்ளிடம் ஒருவனுக்கும், சுவர் அயலாருக்கும், முகம் நகருக்கும் உரியனவாகின்றன. இடத்தைப் பொறுத்தவரை முழு உடைமை என்பது இல்லை என்று சட்டமே ஒப்புக்கொண்டுவிட்டது. காலத்தைப் பொறுத்த வட்டம் ஒன்றே எஞ்சியுள்ளது: முன்னிருந்தோர்க்கும் பின்வருவோர்க்கும் உரிய பங்கு யாது? இவ்விடத்தில் சட்டம் பெரும்பாலும் மௌனம் சாதிக்கின்றது. அறமே பேச வேண்டியுள்ளது.

இதனை விளங்கிக்கொள்வதற்கு நமது மரபிலுள்ள ஒரு வேறுபாடு துணைபுரியும். ஒல்லாந்தர் காலத்தில் 1707இற் சட்டமாக வகுக்கப்பட்ட யாழ்ப்பாணத்துத் தேசவழமை, முன்னோர் வழிவந்த முதுசத்தையும் மணவாழ்க்கையில் ஈட்டிய தேடியதேட்டத்தையும் வேறாகக் கொள்கின்றது. தேட்டம் ஈட்டியோர் முயற்சியின் பயன். முதுசம் தலைமுறைகளினூடே கைமாறி வருவது. முதுசத்தை வைத்திருப்பவன் தன்னை ஒரு சங்கிலியின் கண்ணியாகக் கருதுதல் எதிர்பார்க்கப்படும். காணி விற்கும்போது பங்காளருக்கும் உரித்தாளருக்கும் முற்கொள்வனவு உரிமை வழங்கியதன் மூலம், விற்பனை என்பது இருவர் மட்டும் சம்பந்தப்பட்ட செயலன்று என்பதையும் தேசவழமை உணர்த்தியது. நியூயோர்க்கின் கூட்டாதன நிருவாக சபைகளும் இதனையொத்த முற்கொள்வனவு உரிமையைத் தம் விதிகளிற் கொண்டிருப்பது வழக்கம். தொலைவிலுள்ள இரு சமூகங்கள் ஒரே உண்மையை உணர்ந்தமைக்கு இது சான்று. சோஹோ மாடியைப் பணங்கொடுத்து வாங்கியவன் அதனைத் தன் தேட்டம் என்று எண்ணுகின்றான். உறுதியும் அவ்வாறே கூறுகின்றது. ஆயினும் தன்மையளவில் அதன் பெரும்பகுதி முதுசம். அதுவும் தன் குடும்பத்தின் முதுசமன்று, முகமறியாத பலரின் முதுசம். தேட்டமாக வாங்கப்பட்ட முதுசம் என்பதே அதன் சரியான பெயர்.

இங்ஙனம் கொள்ளின் கடப்பாடுகள் தெளிவாகின்றன. முதலாவது, பேணுதல். முகப்பைத் திருத்துவதற்கான பொதுநிதி பற்றி உரிமையாளர் கூட்டத்தில் வாக்கெடுக்கும்போது, தான் விற்றுச் செல்லும் வரைக்கும் தாங்கினாற் போதும் என்று எண்ணிச் செலவைப் பின்வருவோர் தலையிற் சுமத்தாமை. இரண்டாவது, நினைவுகூர்தல். ஆலை என்ற சொல்லை விளம்பரத்துக்கு அழகாக்கி, ஆலையில் உழைத்தவரை மறப்பது பாதிப் பாதுகாப்பே. மூன்றாவதும் கடினமானதும், இன்று உயிரோடிருப்பவர் பற்றியது. வாடகைப் பாதுகாப்புடன் பல்லாண்டு வாழும் முதிய குடியிருப்பாளர் ஒருவர் அதே கட்டடத்தில் இருக்கக்கூடும். அவர் வெளியேறினாற் கட்டடத்தின் மதிப்பு உயரும். மின்தூக்கியின் திருத்தத்தைத் தாமதித்தும், ஓயாத இடிபாட்டு வேலையால் அமைதியைக் குலைத்தும் அவரை வெளியேறத் தூண்டுவதற்குச் சட்டத்தை வெளிப்படையாக மீறவேண்டியதில்லை. மற்றையோர் வாய்மூடியிருந்தாற் போதும். அறத்தின் சோதனை அம்மௌனத்திலேயே நிகழ்கின்றது. அவ்வாறே, 2021 டிசம்பரில் நகர சபை சோஹோவின் வலய விதிகளை மாற்றி, புதிய கட்டடங்களில் எளியோர்க்குத் தாங்கக்கூடிய விலையில் வீடுகள் அமைய வழிசெய்தபோது கடும் எதிர்ப்பு எழுந்தது. பழமை கெடும் என்ற அச்சத்தில் நியாயமும் இருக்கலாம். ஆனால் எளியோர் உழைத்ததால் உண்டான பழமையைக் காட்டி எளியோரின் வருகையைத் தடுப்பது, முதுசத்தைக் கொண்டே முன்னோரின் வழித்தோன்றல்களைப் புறந்தள்ளுவதாகும்.

இவை அனைத்தையும் ஒருவன் செய்தாலும் விலையேற்றத்தின் பெரும்போக்கு நின்றுவிடாது. அது வரியும் வீடமைப்புக் கொள்கையும் சார்ந்த சமூகப் பிரச்சினை; தனிமனித நற்குணம் அதற்கு மாற்றீடாகாது. எனினும் கொள்கைகளை ஆதரிப்போரும் எதிர்ப்போரும் தனிமனிதரே. தான் வாங்கியது முழுவதும் தன் தேட்டமே என்று நம்புபவன், தன்மீது விதிக்கப்படும் ஒவ்வொரு வரியையும் கட்டுப்பாட்டையும் கொள்ளை என்றே காண்பான். அதில் முதுசமும் உண்டு என அறிந்தவன், அவற்றைத் தான் நெடுங்காலம் செலுத்தாதிருந்த கடனின் ஒரு தவணையாகக் காணக்கூடும். முந்நூறு தையற்பொறிகளுக்கு ஒளி தருவதற்காக அமைந்த யன்னல் இன்று ஒரு குடும்பத்துக்கு ஒளி தருகின்றது. அவ்வொளியை அனுபவிப்பது தவறன்று. அதனைத் தானே உண்டாக்கியதாக எண்ணுவதே தவறு.