முதல் கனவானின் புத்தகக் கணக்கு

நல்ல நூல்களை ரசிக்கிறவன் நல்லவனாகத்தான் இருப்பான் என்று நமக்கெல்லாம் ஒரு நம்பிக்கை. எழுதிப் பிழைக்கிற எங்களுக்கு அது சற்று அதிகம். இங்கிலாந்தின் நான்காம் ஜார்ஜ் அந்த நம்பிக்கைக்குச் சங்கடமான சாட்சி.

தந்தையின் புத்தி பேதலித்ததால் 1811-ல் ராஜப் பிரதிநிதியானவர் அவர். 'ஐரோப்பாவின் முதல் கனவான்' என்று பெயரெடுத்தவர். உடையும் பேச்சும் அப்படித்தான். கடனும் குடியும் பெண்பித்தும் அந்த உடைக்குள்ளேதான் இருந்தன. 1795-ல் கடன் தீர வழி தேடி கரோலினை மணந்தார். ஒரு குழந்தை பிறந்ததும் ஒதுக்கிவைத்தார்.

இவர் விரும்பிப் படித்தது ஜேன் ஆஸ்டினை! 'ஒரு சீமாட்டி' எழுதியது என்று மட்டும் போட்டு வந்த 'சென்ஸ் அண்ட் சென்சிபிலிட்டி', முதல் விளம்பரத்துக்கு இரண்டு நாள் முன்பே, 1811 அக்டோபரில், 15 ஷில்லிங் என்று அவர் கணக்கில் ஏறியிருக்கிறது. அந்தப் பில் 2018-ல்தான் வெளிச்சத்துக்கு வந்தது. கடைக்காரரே அனுப்பிவைத்திருக்கலாம், அப்படியானால் வாடிக்கைக்காரரின் ருசி அவருக்குத் தெரிந்திருக்கிறது. ஊர் புகழ்ந்த பிறகு புகழுகிற ரசிகர்களைத்தான் நான் அதிகம் கண்டிருக்கிறேன்.

ஜேனுக்கோ இந்த ரசிகரைக் கண்டால் ஆகாது. கரோலின் பக்கமே தாம் நிற்பதாகவும், அவள் கணவனை வெறுப்பதாகவும் 1813-ல் தோழிக்கு ஒளிக்காமல் எழுதினார். ஆனாலும் 1815-ல் இளவரசரின் நூலகர் கிளார்க் அவரை மாளிகைக்கு அழைத்து, அடுத்த நாவலைச் சமர்ப்பணம் செய்ய 'அனுமதி' தந்தார். அரண்மனை தரும் அனுமதி எப்படிப்பட்டதென்று சொல்ல வேண்டுமா? 'எம்மா' இளவரசருக்கே சமர்ப்பணமாயிற்று.

அந்த 15 ஷில்லிங் நாவலின் ஆரம்பத்தில் ஒரு கட்டம் வருகிறது. சிற்றன்னையையும் தங்கைகளையும் கவனித்துக்கொள்வதாக, சாகும் தந்தைக்கு வாக்களித்தவன் ஜான் டாஷ்வுட். மூவாயிரம் பவுன் தருவதாக இருக்கிறான். மனைவி பேசப் பேச அது பாதியாகிறது. பிறகு வருஷத்துக்கு நூறு. பிறகு எப்போதாவது ஐம்பது. கடைசியில் அவ்வப்போது கொஞ்சம் மீனும் வேட்டைக்கறியும் அனுப்பினால் போதும் என்று முடிகிறது. இருவர் மனத்திலும் உறுத்தல் இல்லை. கடமை கரைவதை இவ்வளவு நயமாக எழுதியவர்கள் குறைவு.

இளவரசர் இங்கே வாய்விட்டுச் சிரித்திருப்பார். அவர் ரசனையில் நான் குறை சொல்லமாட்டேன். ஆனால் அந்த ஜானுக்கு யார் முகத்தைக் கொடுத்தாரோ! நாமும் கதையில் வரும் அயோக்கியனுக்கு அடுத்த வீட்டுக்காரன் முகத்தைத்தானே கொடுக்கிறோம்?

1821 ஜூலையில் அவருக்கு முடிசூட்டு விழா. கரோலின் வெஸ்ட்மின்ஸ்டர் ஆலயத்துக்கு வந்து வாசல் வாசலாக நின்றாள். உள்ளே விடவில்லை. அடுத்த மாதம் இறந்துபோனாள்.